புது ரிவால்வரில் பொட்டு ஒட்டாது

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோலாலம்பூரில் துப்பாக்கி வியாபாரம் செய்யவில்லை.

என் மச்சினன் திருச்சியில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். ‘அத்தானுக்கு மலேசியாவில் துப்பாக்கி பிசினஸ்’ என்று ஒரு கல்யாணப் பந்தியில் பெருமை பேசியிருக்கிறான். பக்கத்து இலையில் சாப்பிட்டவர் அதை நம்பி எனக்குக் கடிதம் போட்டுவிட்டார். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லையாம், ஒன்று அனுப்ப முடியுமா என்கிறார். முடியாது ஐயா. இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் ஒரு தோட்டாவைச் சட்டைப் பையில் வைத்திருந்தாலே உள்ளே போக வேண்டியதுதான்.

நான் செய்வது மெக்கானிக் வேலை. ஊரில் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். இங்கே ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம், ஈயச் சுரங்கம் மூடிப்போய் குட்டையாகக் கிடக்கும் இடத்தை ஒட்டி, ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருக்கிறது. டாக்டர்கள், வக்கீல்கள், ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரிகள், வங்கிக்காரர்கள் என்று பலரும் வந்து காகிதத்தில் வட்டம் போட்டு அதன் நடுவில் சுடுகிறார்கள். விளையாட்டு. அவர்கள் துப்பாக்கிகளைத் திறந்து, துடைத்து, பழுது பார்த்து மூடுவது என் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். காலையில் பஸ், மாலையில் பஸ். இதுதான் பிசினஸ்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஆயுத பூஜை வந்து போனது. அதற்கு முன்னால் கிளப்புக்குப் புதிதாக ஒரு போட்டி ரிவால்வர் வாங்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். சொன்ன பதில் சரியானது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

2

என் அடையாள அட்டை சிவப்பு. இருந்துகொள்ளலாம், ஆனால் குடிமகன் இல்லை. என் மகள் ரேவதிக்குக் குடிமக்களுக்கான நீலம். அது எப்படிக் கிடைத்தது என்பதை எழுதினால் தனிக் கட்டுரையாகும். எத்தனை கவுண்டர், எத்தனை ‘அடுத்த மாதம் வாருங்கள்’. நான் மலாய் கற்றது ஒரு சீன மெக்கானிக்கிடம். அவர் எல்லோரையும் ‘லு’ என்றுதான் கூப்பிடுவார். ‘நீ’ என்பதைவிட ஒரு படி கீழான சொல் அது. எனக்குத் தெரியாது. நான் குடிநுழைவு அதிகாரியை ஒரு மணி நேரம் ‘லு’, ‘லு’ என்று பேசிவிட்டு, பணிவாகப் பேசிவிட்ட திருப்தியோடு வெளியே வந்தேன். என் மனு ஏன் நகரவில்லை என்று ரேவதி பெரியவளான பிறகு விளக்கினாள். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே விளக்கினாள்.

சிவப்பு அட்டைக்காரன் பெயரில் துப்பாக்கி உரிமம் கிடையாது. கிளப்பின் உரிமத்தின் கீழ், பட்டறைக்குள், பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம்தான் நான் தொடலாம். சுட்டுப் பார்க்க வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர் சுட வேண்டும், நான் நின்று பார்க்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் இங்கே ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

என் மனைவி சாரதா திருச்சியில் இருக்கிறாள். சண்டை எதுவும் இல்லை, யாரும் கதை கட்ட வேண்டாம். வருடா வருடம் விசாவுக்கு நின்று அலுத்துப்போனாள். மகனை அங்கே கல்லூரியில் சேர்த்தோம், கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று போனாள். அவன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான். அவள் வரவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. இங்கே வந்து அந்தப் பின்னறையில் என்ன செய்வாள்?

ரேவதி வங்கியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் பெண்களோடு பெட்டாலிங் ஜெயாவில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாள். வாரம் முழுக்க அவள் குரலைக் கேட்க முடியாது. போன் செய்தால் வேறொரு பெண் எடுத்து, ‘குளிக்கிறா அங்கிள்’ என்பாள். எப்போது செய்தாலும் குளிக்கிறாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவாள். கிளப்பில் சுடுகிறவர்களில் அவளும் ஒருத்தி, மாநில அணிக்காகவும் சுடுகிறாள். அவள் சுடும் ரிவால்வர் பழையது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரை கிளப்பில் விட்டுப்போனது. அதன் உள்வேலை வயதாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் பக்கத் தகட்டைக் கழற்றி, விசையைப் பிடித்து நிறுத்தும் பல்லைத் தேய்த்துச் சரி செய்து, எண்ணெய் போட்டு, விரல் அழுத்தும் விசையில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் போட்டி விதிக்கு ஒத்துவரும். அதுவரை ரேவதி என் மேசை அருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாங்கி வரும் மசால் வடையைத் தின்பாள். மேனேஜரைத் திட்டுவாள். சில நாள் ஒன்றும் பேசாமல் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் வேலையை அவசரப்பட்டு முடித்ததே இல்லை.

நான் என் மகளைப் பார்ப்பது அவ்வளவுதான். அந்தப் பழைய ரிவால்வர் கெட்டுப்போய்க்கொண்டே இருந்ததால்தான் அதுவும்.

3

புதிய ரிவால்வர் ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் தயாரிப்பு. இங்குள்ள ஆயுத வியாபாரி ஒருவர் பார்த்துச் சொல்லுங்கள் என்று கிளப்பில் விட்டுப்போனார். கிளப்புக்கு இத்தனை துப்பாக்கிதான் என்று கணக்கு இருக்கிறது. ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். போவது ரேவதியின் பழையது. போலீஸார் எடுத்துக்கொண்டு போய் அறுத்துவிடுவார்கள்.

செயலாளர் கமாருடின் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. நல்ல மனிதர். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, “நன்றாகப் பாருங்கள் மணி. உங்கள் மகள் கைக்குத்தான் வாங்குகிறோம். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்” என்றார்.

உங்களுக்கெல்லாம் ரிவால்வர் என்றால் சினிமா. இடுப்பிலிருந்து உருவி, கண்ணை மூடிக்கொண்டு ஆறு பேரைச் சாய்ப்பது. போட்டியில் அப்படி இல்லை. தூரத்தில் காகித இலக்கு பக்கவாட்டில் திரும்பி நிற்கும். திடீரென்று முகம் காட்டும், மூன்று விநாடியில் மறுபடி திரும்பிக்கொள்ளும். அதற்குள் கையைத் தூக்கி, குறி பார்த்து, ஒரே ஒரு குண்டு. அடுத்த முறை அது முகம் காட்டுவதற்குள் கட்டை விரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்துத் தயாராக வேண்டும். குதிரை என்பது பின்னால் நின்று அடிக்கிற சுத்தியல் போன்ற பாகம். அதை இழுக்கும்போது பிடி கொஞ்சம் நகர்ந்தாலும் அடுத்த குண்டு வட்டத்தை விட்டுப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் புதியது என்னை முதலில் அடித்தது. அதன் குதிரையைத் தாழ்த்தி, அகலமாகச் செய்திருக்கிறார்கள். சின்னக் கை உள்ளவளுக்கும் கட்டை விரல் எட்டும், பிடியை மாற்றவே வேண்டாம். குதிரை விழும் தூரமும் குறைவு. விசையை அழுத்தியதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவில் கை ஆட நேரமே இல்லை.

குழலின் அடியில் நுனி வரை இரும்பு விட்டிருக்கிறார்கள். முன்பக்கம் கனம். சுட்டதும் மூக்கு மேலே எகிறாது. ஆனால் அந்தக் கனத்தை நீட்டிய ஒற்றைக் கையில் தாங்க வேண்டும். கடைசிச் சுற்றில் மணிக்கட்டு கேட்கும். இதைக் குறை என்று மனத்தில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

குண்டு நிரப்பும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகக் குறைவு. அழகான வேலை. ஆனால் நாங்கள் போடுவது கிளப்பிலேயே தயாரிக்கிற ஈயக் குண்டு. இந்தப் புழுக்கத்தில் கரியும் ஈயமும் சேர்ந்து ஒட்டி, சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். இதைப் பெரிய குறை என்று வைத்துக்கொண்டேன். பிடி ஆண்பிள்ளைக் கைக்குச் செதுக்கியது. இன்னொரு குறை.

விசையின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் வெளியிலேயே ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். சின்னச் சாவி ஒன்றும் பெட்டியிலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் திருகிக்கொள்ளலாம், தகட்டைக் கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கிற பற்கள் எல்லாம் கெட்டிப்படுத்தியவை, தேயவே தேயாது. அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

கடைசியாக மேல்பூச்சு. பழையதில் இருப்பது கருநீல முலாம், வேர்வை பட்டாலே துருப்பிடிக்கும். இதில் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டிப் பூச்சு. தண்ணீரில் ஊறப்போட்டாலும் ஒன்றும் ஆகாதாம்.

அன்று சாயங்காலம் கமாருடின் கேட்டார்: “மச்சாம் மானா, மணி?” எப்படி என்று அர்த்தம்.

“இடைவெளி குறைச்சல். நம் குண்டுக்குச் சிக்கும். பிடியும் பெரிது” என்றேன்.

“அப்படியா?” என்றார். என் முகத்தையே பார்த்தார். போலீஸில் இருந்தவர் அல்லவா. “சரி. ரேவதி சுட்டுப் பார்க்கட்டும். அப்புறம் முடிவு செய்யலாம்.”

4

பழைய ரிவால்வரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது.

நான் இந்த கிளப்பில் சேர்ந்த வருடம், ஆயுத பூஜைக்கு சாரதா தட்டோடு வந்தாள். ஆயுதங்களுக்கு பூஜை என்றதும் மலாய்க்கார, சீன உறுப்பினர்களெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். துப்பாக்கிக்கு பூஜை என்றால் நியாயம்தானே என்று அவர்களே சொன்னார்கள். பொரி கடலையைக் கைகையாய் அள்ளினார்கள். சாரதா மேசையிலிருந்த அந்த ரிவால்வருக்கு, விசைக்கு மேலே வலது பக்கத்தில், கெட்டியாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமமும் வைத்தாள்.

“ஈரமா வைக்காத. கருத்துப்போன இரும்பு, துரு ஏறும். துடைச்சிடறேன்” என்றேன்.

“மறுபூஜை முடியாம எதையும் தொடக்கூடாது. நாளைக்குக் காலைல துடைங்க. அதுக்குள்ள உங்க இரும்பு கரைஞ்சா போயிடும்?”

நான் தொழிற்சாலையில் துருவோடு மல்லுக்கட்டினவன். எனக்குத் தெரியும். ஆனாலும் பூஜையில் வைத்ததை எடுக்கக் கை வரவில்லை. காலையில் வந்து துடைத்தால், சந்தனம் இருந்த இடத்தில் பொட்டளவுக்குத் துரு பிடித்துக் குழி விழுந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கிளப்பில் யாரும் திட்டவில்லை, எனக்குத்தான் மானம் போனது. சாரதாவிடம் காட்டினேன். “நல்லா வட்டமா விழுந்திருக்கே” என்றாள்.

பல வருடம் கழித்து ரேவதி அந்தத் துப்பாக்கியை எடுத்தபோது அந்தக் குழிக்கு ஒரு வேலை கிடைத்தது. சுடாதபோது ஆள்காட்டி விரலை விசையில் வைக்கக் கூடாது, மேலே துப்பாக்கியின் உடம்பில் நீட்டி வைக்க வேண்டும். அவள் விரல் நுனி சரியாக அந்தக் குழியில் போய் நிற்கும். பார்க்காமலே கண்டுபிடிக்கும். அங்கிருந்து விசைக்கு இறங்கும். எந்தக் கம்பெனியும் யோசித்துச் செய்யாத வசதி அது.

5

ரேவதி புதியதைச் சுட்ட அன்று நான் பின்னால் நின்றேன். எனக்குக் காகிதத்தைப் பார்க்கத் தேவையில்லை. மணிக்கட்டைப் பார்த்தால் தெரியும். பழையதில் ஒவ்வொரு குண்டுக்கும் அவள் பிடியைச் சின்னதாக மாற்றிப் பிடிப்பாள். அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். பழக்கம் இல்லை, துப்பாக்கியின் குறை. புதியதில் அவள் கை கல் மாதிரி நின்றது.

அரை நாள் சுட்டாள். சிலிண்டர் சிக்கும், சிக்கும் என்று காத்திருந்தேன். இடையில் ஒரு துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கடைசி வரை வழுக்கிக்கொண்டு சுற்றியது.

முடித்துவிட்டுப் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வடையைத் தொடவில்லை.

“அப்பா, ஒன்னு கேட்பேன். கோவப்படக் கூடாது.”

“கேளு.”

“துப்பாக்கி சரியில்லையா, இல்ல உங்களுக்குப் பிடிக்கலையா?”

“இடைவெளி குறைச்சல்னு சொன்னேன்ல?”

“அலாமாக்! நீங்கதானே பின்னால நின்னு பார்த்தீங்க. ஒரு வாட்டி துடைச்சேன், ஓகேலா. சிக்கவே இல்ல.”

“பிடி பெரிசு.”

“சின்ன சைஸ் பிடி தனியா விக்கிறாங்க. கேட்டலாக்லயே இருக்கு. துப்பாக்கி விக்கிற பாஸ்கிட்ட கேட்டாச்சு, கூடவே வந்துடும்.”

“கை வலிக்கும்.”

“வலிக்கட்டும். ஜிம் போறேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். “ஒன்னுதான். அங்க ஒன்னும் இல்லப்பா. விரலு வைக்கிற எடத்துல. வழுக்கிக்கிட்டே போவுது. அம்மா பொட்டு இல்ல.”

எனக்கு உயிர் வந்தது. “நான் ஒரு புள்ளி குத்தித் தரேன். பஞ்ச் இருக்கு, ஒரு நிமிஷ வேலை. பழகின மாதிரியே இருக்கும்.”

“வேணாம்பா.”

“ஏன்?”

“வாரண்டி போயிடும்.”

வாரண்டி போய்விடும்தான். அவள் சொன்னது சரி. எனக்கு வந்த கோபத்தில் பக்கத்திலிருந்த எண்ணெய்க் குப்பியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

“அப்பா, பழசுல நான் எவ்ளோ நல்லா சுட்டாலும் நேஷனல் டீம் செலெக்‌ஷன்ல ரெண்டு மூனு பாயின்ட்ல போயிடுது. வயசாவுது எனக்கும். இந்த வருஷம் விட்டா அப்புறம் இல்ல” என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அந்தப் பேச்சு அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

நான் கமாருடினிடம் போனேன். “வாங்குங்கள்” என்றேன்.

“இடைவெளி?”

“நான் நினைத்தது தப்பு. நல்ல துப்பாக்கி. வருடத்துக்கு ஒரு முறைகூடத் திறக்க வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். “உங்கள் வேலை குறைந்துவிடும், மணி.” பிறகு தோளில் தட்டி, “சம்பளம் குறையாது” என்று சிரித்தார்.

“அது தெரியும்” என்றேன்.

6

ஆயுத பூஜையன்று இரண்டு ரிவால்வரும் மேசையில் இருந்தன. மறுநாள் மத்தியானம் பழையதை எடுத்துப்போகப் போலீஸார் வருவதாக இருந்தது. வழக்கம் போலப் பொரி கடலைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். காலையில் சாரதாவுக்கு போன் போட்டிருந்தேன். “மறுநாள் வரைக்கும் தொட்டுடாதீங்க” என்றாள். இத்தனை வருடத்திலும் அவள் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

ரேவதி வேலை முடிந்து வந்தாள், வங்கிச் சீருடையிலேயே. யாரும் சொல்லாமல் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். புதியதில், விசைக்கு மேலே, வலது பக்கம், அவள் அம்மா வைத்த அதே இடத்தில் கெட்டியாக அப்பினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். ஈரம் வழிந்தது.

என் கை தானாகத் துணிக்குப் போனது. துடைக்க வேண்டியதில்லை என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் சீக்கிரமே போய், இரவில் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் பெட்டகத்தைத் திறந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வாயால் ஊதினேன். மொத்தமும் பொடியாகப் பறந்தது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கறைகூட இல்லை. சாம்பல் நிறமாக, வழவழவென்று, நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. மேல்பூச்சைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான்.

மத்தியானம் பழையதைக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் ஒரு முறை என் விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். என் விரல் தடிமன், அதில் நிற்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பழக்கத்தில் வடை வாங்கிவிட்டேன். மேசையைத் துடைத்து வைத்தேன். ரேவதி பட்டறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “சாப்டாச்சாப்பா? நேரா ரேஞ்சுக்குப் போறேன். லேட்” என்று ஓடினாள். ஸ்டூலில் ஒரு வக்கீலின் கைப்பையை வைத்திருந்தார்கள். நான் ஒரு டாக்டரின் துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சுடும் சத்தம் ஓய்ந்த பிறகு கண்ணாடியைத் தட்டினாள். வெளியிலிருந்து இலக்குக் காகிதத்தை விரித்து ஜன்னலில் ஒட்டிப் பிடித்தாள். போட்டிக் குண்டின் முகம் தட்டையானது, காகிதத்தைக் கத்திரி போல வட்டமாக வெட்டும். ஒரு சுற்றின் ஐந்து குண்டும் நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஓட்டையாக விழுந்திருந்தன. பழையதில் அவள் இப்படி ஒரு நாளும் சுட்டதில்லை. சுட்டிருக்கவும் முடியாது.

அந்த ஓட்டையில் கண்ணை வைத்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் முறுக்கை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்பாளே, அப்படி. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். கண் சிரித்தது. வாசலில் யாரோ காரில் ஹாரன் அடித்தார்கள். காகிதம் இறங்கியது.

வடையை பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன். இரண்டையும்.